சாவியைக் கொடுக்குமுன்

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகப் போற்றுபவர்கள் நாம். அப்படியிருக்க, நம் பிள்ளையே பாதையில் பிறருக்கு முள்ளாகலாமா? ஜும்ஆ முடிந்ததும், மீசை அரும்பாத சிறுவர்கள் மூவர் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். சாவியைக் கொடுத்தது யார்? நாமல்லவா?

50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. ஆயினும், தண்டனைக்கு அஞ்சியா பிள்ளையைக் காப்பது?

உரிமம் பெற்றுத் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. முதலில் பகலில், நெரிசலற்ற சாலையில் பழக்குங்கள். மழையும் இரவும் பிறகு வரட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். கைப்பேசியை ஒரு கணம் நோக்குவதன் விலை அது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதை அவனுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

எனினும், சொல்லைவிடச் செயலே சிறந்த ஆசான். தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று தலைக்கவசமின்றி எதிர்த்திசையில் விரையும் தந்தையிடம் மகன் எதைக் கற்பான்? ஐந்து நிமிடம் முன்னதாகவே புறப்படுங்கள். உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சாலையில் எதிர்ப்படும் அயலாரின் உயிரும் அவ்வாறே.