பாலில் மாவும் அயோடின் துளியும்

தமிழகத்திலிருந்து கேரளம் செல்லும் பால், பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரத்தில் சோதிக்கப்படுகிறது. ஓணக் காலத்தில் இடுக்கியின் குமுளியிலும் இச்சோதனை நடைபெறுவதுண்டு. பாலில் நீரைக் கலந்து, அது தெரியாதிருக்க மாவு சேர்த்திருந்தால், அதைக் காட்டிக்கொடுப்பது ஒரு பழுப்புநிறத் துளி.

அயோடின் தனித்து நீரில் அரிதாகவே கரையும். லிட்டருக்குச் சுமார் மூன்றில் ஒரு கிராம்தான். ஆனால் 10 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிது நீரில் கரைத்து, 5 கிராம் அயோடினை இட்டால் முழுவதும் கரைந்துவிடுகிறது. பின்னர் நீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்கலாம். மூன்று அயோடின் அணுக்கள் ஒரே வரிசையில் இணைந்து, பொட்டாசியம் டிரை அயோடைடு என்னும் உப்பாகக் கரைசலில் நிற்பதே காரணம். பிரெஞ்சு மருத்துவர் லூகால் 1829-இல் இக்கரைசலை வகுத்தார்.

மாப்பொருளின் சுருள் வடிவ மூலக்கூறுக்குள் இவ்வணுவரிசை புகுந்ததும் கருநீலம் தோன்றும். சூட்டில் அந்நிறம் மறையும். ஆகவே சிறிது பாலைக் காய்ச்சி, ஆறவைத்த பின்னரே இரண்டு மூன்று துளி விடவேண்டும்.

அயலூரில் அறிமுகமற்றவரிடம் குழந்தைக்குப் பால் வாங்கும் நாம், மருந்துக்கடை டிங்சர் அயோடினைக் கொண்டே இதனைச் செய்யலாம். நீலம் தோன்றாவிடில் மாவு இல்லை என்பதே பொருள். நீர் இல்லை என்பதன்று. சோதித்த பாலைக் கொட்டிவிடுதல் வேண்டும்.