பிச்சைக்கு உதவாத கைகள்

‘நீ நேசிக்கப்படுகிறாய்’ என்பதை யாரும் தொடாத மனிதர் எப்படி நம்புவார்? திருப்பதி, சித்தூர், வேலூர் வட்டாரத்தின் பழைய நோய் ஒன்று கேட்ட கேள்வி இது.

ஆபரேஷன் வெற்றி. உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடந்த விரல்கள் நீண்டன, மடங்கின, டம்ளரைப் பிடித்தன. ஆனால் சில மாதம் கழித்துத் திரும்பி வந்த நோயாளிகளில் சிலர் டாக்டரிடம் நன்றி சொல்லவில்லை, புகார் சொன்னார்கள். கை கோணலாக இருந்தவரை காசு விழுந்தது. இப்போது விழுவதில்லை. பழைய நோயின் அடையாளம் முகத்தில் இருப்பதால் வேலை தருவாரும் இல்லை, வாடகைக்கு இடம் தருவாரும் இல்லை. நல்ல கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லி மலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர், லண்டனில் படித்து 1946இல் வேலூர் வந்த எலும்பு சிகிச்சை நிபுணர்.

சம்பவம் வேலூரில்தான். ஆனால் அதைச் சித்தூர், திருப்பதிப் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 1911 வரை இவையெல்லாம் ஒரே வட ஆற்காடு ஜில்லா; அதன் தலைநகரமே சித்தூர்தான். மாநில எல்லை வந்தாலும் சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். தெலுங்கு பேசும் நோயாளிக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேலூர்தான் (இன்று சி.எம்.சி.க்குச் சித்தூரிலேயே ஒரு வளாகம் இருக்கிறது). திருப்பதியோ யாத்திரைத் தலம். வீட்டை விட்டு விரட்டப்பட்ட தொழுநோயாளிகள் இந்தியா முழுக்கக் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் இப்படிப்பட்ட தலங்களின் பாதையோரம். தானம் செய்யும் மனதோடு கூட்டம் வருமிடம் அது. காசு தரையில் விரித்த துணியில் விழும், கையில் விழாது.

அந்தக் கையை ஒரு டாக்டர் பிடித்ததில்தான் எல்லாம் ஆரம்பம். 1947இல் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் தன் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு பிராண்டை அழைத்துப் போனார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் பிராண்ட் தன் கையை நுழைத்து, முடிந்தவரை அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்திருந்தவருக்கு வலி உயிர் போயிற்று. அவ்வளவு பலம்! முன்கைத் தசைகளில் பல நன்றாகவே இருந்தன. செயலிழந்தவை சில நரம்புகளும் அவை இயக்கும் சிறு தசைகளும் மட்டுமே. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். 1948இல் ஆபரேஷன்கள் தொடங்கின.

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் பெரியது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்து, கல்லில் மிதித்து, காயத்தோடு நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார்கள். இரவில் காணாமல் போன விரல்களுக்குக் காரணம் எலி. தூங்குகிறவருக்குக் கடிப்பது தெரியவில்லை. வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கை சரியானது. மனிதர் சரியாகவில்லை. 1951இல் பாகாயம் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளாக எழுந்த நவஜீவ நிலையம் அதற்கான பதில். ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கேயே தங்கித் தச்சு வேலை கற்றார்கள், மரப் பொம்மை செய்தார்கள். அப்போதும் ஊருக்குப் போகத் தயக்கம். காரணம் புருவம்! நோயில் புருவ முடி உதிர்ந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்த உடனே ஊர் கண்டுபிடித்துவிடும். பிராண்ட் தலைத்தோலில் ஒரு துண்டை முடியோடு நகர்த்திப் புருவமாக ஒட்டினார். தலைமுடி அல்லவா, அது வளர்ந்துகொண்டே போகும், கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மறுத்து, நெற்றியில் தொங்கும் புருவத்தோடு பெருமையாகத் திரிந்தார்களாம். மருத்துவக் கணக்கில் புருவத்துக்கு மதிப்பில்லை. ஆனால் தன்மதிப்பு என்பது சிலருக்கு அங்கேதான் இருந்தது.

இதில் மதத்துக்கு என்ன வேலை? கேட்க வேண்டிய கேள்விதான். விவிலியமே இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. தோல் நோய் கண்டவன் பாளையத்துக்கு வெளியே தனியாக வாழ வேண்டும் என்று லேவியராகமம் விதிக்கிறது. மூல எபிரெயச் சொல் பல தோல் நோய்களைக் குறிப்பது. துணியிலும் சுவரிலும் படியும் பூஞ்சைக்குக்கூட அதே சொல்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் ‘குஷ்டரோகம்’ என்று எழுதிவிட, நம் ஊர் நோயாளி எந்தக் குற்றமும் செய்யாமல் வேதத்திலும் தீட்டுப்பட்டவரானார். மொழிபெயர்ப்பவர்கள் ஒரு சொல்லில் எத்தனை பேரைத் தள்ளிவைத்துவிட முடியும் என்பதற்கு இது உதாரணம். அதே விவிலியத்தில்தான் இயேசு அந்த நோயாளியைத் தொட்டுக் குணமாக்குகிறார். சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம். தொட்டார். பிராண்ட் போன்றவர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஒரு செயலை.

ஒரு தொழுநோய் மருத்துவமனையின் ஜெபக்கூட்டத்தில் திடீரென்று பேசச் சொன்னபோது பிராண்ட் கைகளைப் பற்றிப் பேசினார். தன் கைகளை மறைத்தபடி உட்கார்ந்திருந்த கூட்டம் அது. இயேசுவின் கைகளை அவர் விவரித்தார்: குழந்தையின் கை, தச்சனின் காய்த்த கை, நோயாளிகளைத் தொட்ட கை, கடைசியில் ஆணி துளைத்துக் கோணிப்போன கை. உயிர்த்தெழுந்த பிறகும் அந்தத் தழும்புகளை அவர் மறைக்கவில்லை என்றார். கூட்டம் முடிந்தபோது துண்டுக்கடியிலும் சேலைக்கடியிலும் இருந்த கைகள் கும்பிட்டபடி மேலே எழுந்தன, விரல் இல்லாத கைகளும். பிராண்ட் தன் நூலில் இதைச் சொல்கிறார். வெறும் பிரசங்கமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம். பேசியவர் அதே கைகளைப் பிடித்து ஆபரேஷன் செய்தவர்.

மேரி வர்கீஸின் கதை வேறு மாதிரி. அவர் நோயாளிகள் பக்கத்திலிருந்து வந்தவர் அல்ல. 1925இல் கேரளத்தின் செறாயியில் வசதியான குடும்பத்தில் பிறந்து வேலூரில் படித்த டாக்டர். மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. இனி நடக்க முடியாது என்பது தெரிந்தபோது, பக்தியுள்ள அந்தப் பெண்ணுக்கும் கடவுளிடம் கேட்கக் கேள்வி மட்டுமே மிச்சமிருந்தது. தனக்கு இனி என்ன பயன்? மற்றவர்களுக்குப் பாரமாகப் படுத்திருப்பதுதானா? விசுவாசம் இருந்தால் மனம் உடையாது என்று சொல்கிறவர்கள் அவர் வாழ்க்கை வரலாற்றின் இந்தப் பக்கங்களைப் படிக்கலாம். வலியும் சோர்வும் மாதக்கணக்கில் நீண்டன.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யலாமே என்றார் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை எப்படியும் உட்கார்ந்துதான் செய்கிறார்கள்! மேரிக்கு முதலில் நம்பிக்கையில்லை. பிறகு ஒப்புக்கொண்டார். அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. தங்களைவிட அதிகமாக முடங்கிப்போன டாக்டரை நோயாளிகள் பார்த்தார்கள். நிமிர்ந்த கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு முன்னால், கால்கள் இல்லாமலே வேலை செய்கிற ஒருத்தி உருண்டு வந்தாள். அவருக்கும் இது மருந்தானது. தான் நேசிக்கப்படுவதாக அவர் மறுபடி நம்பியது, தான் தேவைப்படுவதாகத் தெரிந்த பிறகுதான் என்று தோன்றுகிறது. இது என் வாசிப்பு. அவரைக் கேட்டால் எல்லாம் பிரார்த்தனையின் பலன் என்றிருப்பார்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சை, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவப் பயிற்சி. திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது; உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்றும் இத்தகைய நிலையம் அப்போது இந்தியாவுக்குப் புதிது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமானார்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். உதவியோடு வரும் மதம் எப்போதும் தன்மதிப்பைக் கொடுப்பதில்லை. சிலசமயம் எடுத்தும் கொள்ளும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896 முதல் நான்கு ஆண்டுகள் திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில்தான் படித்தார். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் இந்து மதத்தைப் பற்றிக் கேட்ட விமர்சனம் தன் பெருமிதத்தைப் புண்படுத்தியது, அதுவே இந்துத் தத்துவத்தை ஆராயத் தூண்டியது என்று பின்னாளில் எழுதினார். பல தொழுநோய் இல்லங்களில் ஆண்களும் பெண்களும் பிரித்தே வைக்கப்பட்டார்கள் என்பதும் மறக்கக்கூடியதல்ல. ஆதரவற்றவரைத் தாங்குவது ஒரு மதத்தின் தனிச்சொத்தும் அல்ல. தொழுநோயாளிகளுக்காகத் திருப்பதியில் தேவஸ்தானமும் ஓர் இல்லம் அமைத்தது. ஊனமுற்றோருக்கான அதன் ‘பேர்ட்’ மருத்துவமனை ஆந்திரம் முழுக்கத் தெரிந்த பெயர்.

கூட்டு மருந்து சிகிச்சை 1982இல் வந்தபின் நோய் பயங்கரம் குறைந்துவிட்டது. 2005 முடிவில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் ஒழிந்ததாக இந்தியா அறிவித்தது. ஆனாலும் 2022-23இல் நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சட்டம் இன்னும் மெதுவாக நடந்தது: கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதி நீக்கப்பட்டது 2019இல்தான். அதுவரை, மாத்திரையால் குணமாகும் நோய் ஒன்று கல்யாணத்தை முறிக்கப் போதுமான காரணமாக ஏட்டில் இருந்தது.

பாகாயம் நிலையம் இன்று மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்களும் அங்கே உட்காரவும் உடுத்தவும் வண்டியை உருட்டவும் கற்கிறார்கள். கூடவே இருக்கும் அம்மாவோ மனைவியோ கவனிப்பைக் கற்கிறார்கள். வீடு திரும்பிய பழைய நோயாளிகள் ஆண்டுதோறும் ‘ரீஹாப் மேளா’வுக்கு வந்து கூடுகிறார்கள். சிகிச்சை பாதி, திருவிழா பாதி. புதிதாக அடிபட்டு வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் வந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய நோயாளிகள்தான்.