நூறு மீட்டரில் சிக்கிய சுரங்கம்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகே, பொட்டிபுரம் கிராமத்தை ஒட்டி நிற்கிறது அம்பரப்பர் மலை. அதன் அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, உள்ளே காந்தமேற்றிய 50,000 டன் இரும்புக் கருவியை நிறுவ வேண்டும் என்பது இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். வானிலிருந்து ஓயாமல் பொழியும் மற்ற துகள்களைத் தடுக்க, கருவியைச் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை தேவை. இங்குள்ள உறுதியான சார்னோகைட் பாறை அதற்குப் பொருந்தியது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஆனாலும் சுரங்கம் தோண்டப்படவில்லை.

மேடைகளில் அதிகம் பேசப்பட்டது கதிரியக்கம். நீதிமன்றங்களில் திட்டத்தை நிறுத்தியது அது அல்ல. நியூட்ரினோ பெரும்பாலும் எதனுடனும் மோதாமல் பூமியையே ஊடுருவிச் செல்லும் துகள். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-லேயே அது பதிவாகியிருக்கிறது. ஊர்க்காரர்களின் கவலைகளில் கைக்கு எட்டியவை வேறு: வெடி வைத்துப் பல லட்சம் டன் பாறையை எடுக்கும்போது எழும் தூசி, அதிர்வு, மலையில் மாடு மேய்க்கும் பாதை, குடிநீர். இவை எல்லாவற்றையும் சட்டம் ஒரே இடத்தில் கேட்கிறது. அந்த இடம்தான் சுற்றுச்சூழல் அனுமதி.

2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. கல்குவாரி, அனல்மின் நிலையம், பெரிய கட்டடம் என எதுவாக இருந்தாலும் அதன் அளவைப் பொறுத்து 'ஏ' அல்லது 'பி' வகையில் சேரும். 'ஏ' என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு ஆராயும். 'பி' என்றால் மாநில ஆணையம். தேசியப் பூங்காவிலிருந்தோ மாநில எல்லையிலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள் வந்தால் 'பி' வகைத் திட்டமும் 'ஏ' ஆகிவிடும் என்பது பொது நிபந்தனை. கட்டுமானப் பிரிவுக்கு இதில் விலக்கு உண்டா என்பது வழக்கறிஞர்களின் தனிச் சண்டை. அனுமதி கையில் வந்த பிறகும் வேலை முடியாது. நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இசைவு வாங்க வேண்டும்.

நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் அது கைவிடப்பட்டு, பொட்டிபுரம் தேர்வானது. 2011 ஜூனில் மத்திய அமைச்சகம் அனுமதி அளித்தது. அதற்கான ஆய்வறிக்கையைத் தயாரித்தது கோவையிலுள்ள சலீம் அலி பறவையியல் மையம். காட்டுயிர் ஆய்வில் பெயர் பெற்ற நிறுவனம்தான்; ஆனால் இத்தகைய அறிக்கை தயாரிக்கத் தேவையான அங்கீகாரம் அதனிடம் இல்லை.

வழக்குகள் 2015-இல் வந்தன. ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ தொடுத்த மனுவில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆண்டு மார்ச்சில் உத்தரவிட்டது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குச் சென்றது. மலைக்கு மறுபக்கம், இடுக்கி மாவட்டத்தில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. திட்ட இடத்திலிருந்து அதன் தூரம் 4.9 கிலோமீட்டர். அதாவது 5 கிலோமீட்டர் வரம்புக்கு நூறு மீட்டர் உள்ளே. 2017 மார்ச் 20-ஆம் தேதி தீர்ப்பாயம் 2011 அனுமதியை நிறுத்திவைத்து, புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. அறிக்கை தயாரித்தவரின் தகுதிக் குறையும் அந்த உத்தரவில் இடம்பெற்றது. துகள் இயற்பியலைப் பற்றித் தீர்ப்பாயம் முடிவு சொல்லத் தேவையே எழவில்லை.

அடுத்த கட்டம்தான் விவாதத்துக்குரியது. திட்டத்தை நடத்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் புதிய விண்ணப்பம் மத்திய அமைச்சகத்துக்கே போய், 2018 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ஆனால் 'சிறப்பு நேர்வு' என்ற பெயரில், கட்டடங்களுக்கான 'பி' பிரிவின் கீழேயே! மலையைக் குடையும் வேலையை அடுக்குமாடிக் கட்டடத்தின் படிவத்தில் எழுதினால் சந்தேகம் எழாமல் இருக்குமா? இந்தப் பிரிவில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை என்பதுதான் எதிர்ப்பாளர்களின் வாதத்துக்கு வலு சேர்த்தது. இருந்தாலும் 2018 நவம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பாயத்தின் டெல்லி முதன்மை அமர்வு அனுமதியை உறுதிசெய்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் பெறாமல் பணி தொடங்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சொன்னது.

நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. வழக்கில் வெல்வதும் வேலை தொடங்குவதும் ஒன்றல்ல. வனவிலங்கு ஒப்புதலுக்கான விண்ணப்பம் மாநில வனத்துறை வழியாகத்தான் மேலே போகும். 2021 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் நேரில் கேட்டார். 2022 பிப்ரவரியில், மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், மதிகெட்டானையும் பெரியாற்றையும் இணைக்கும் புலி வழித்தடத்தைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசு எதிர்ப்பைப் பதிவுசெய்தது.

எதிர்ப்பவர்களுக்கும் விதிகள் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அதற்குப் பிறகு கதவு அடைபடும். அனுமதி பெற்ற நிறுவனம் அதை உள்ளூர் மொழி நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையின் பயன் அங்கேதான். ஆனால் போடியில் ஏலக்காய் விலை பார்க்கப் பேப்பர் விரிப்பவர் கண்ணில் அந்தச் சிறிய விளம்பரம் படுவது அபூர்வம்.

தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறும் நிறுவனத்துக்கு 25 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வேலூர் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2013-இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அவை சேதம் நடந்த பிறகு வந்த தண்டனைகள். பொட்டிபுரம் வழக்கு நடந்ததோ பாறையில் ஒரு வெடிகூட வைக்கப்படாத நிலையில். இப்போதைக்கு மதுரையில் நியூட்ரினோ ஆய்வகத்தின் சிறு மாதிரிக் கருவி மட்டும் இயங்குகிறது. இதற்கிடையே, இந்த ஆய்வகமும் குறிவைத்த நியூட்ரினோ நிறைகளின் வரிசையைக் கண்டறிய முனையும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.