தோளில் ஏறாத தோல் பட்டை

தொழில்முறை மல்யுத்தத்தில் சாம்பியன் என்பதற்கு அடையாளம் ஓர் அகன்ற தோல் பட்டை. அதன்மீது உலோகத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கும். வென்றவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அரங்கை வலம் வருவார். இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று, இணை மல்யுத்தத்தில் பெயர் பெற்ற ரிங்கு சிங்கின் தோளில் அந்தப் பட்டை ஒருமுறைகூட ஏறவில்லை. ஆயினும், தோலை நம்பி வாழும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்து மக்கள் உற்றுநோக்க வேண்டிய செய்தி அவரது வாழ்க்கையில் இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் கம்பளம் நெசவுக்குப் பெயர் பெற்ற பதோஹி மாவட்டத்தில், லாரி ஓட்டுநர் ஒருவரின் மகனாக 1988-இல் பிறந்தவர் ரிங்கு சிங். பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிதலில் தேர்ந்தவர். 2008-இல் அமெரிக்க விளையாட்டு முகவர் ஒருவர், பேஸ்பால் பந்தை வேகமாக எறிபவர்களைக் கண்டறிய இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியை நடத்தினார். பல்லாயிரம் பேர் பங்கேற்ற அப்போட்டியில் மணிக்கு சுமார் 140 கி.மீ. வேகத்தில் எறிந்து ரிங்கு சிங் முதலிடம் பெற்றார். அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அவரது கதையை டிஸ்னி நிறுவனம் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பெயரில் 2014-இல் திரைப்படமாக்கியது, இசையமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான்.

திரைப்படம் வெற்றியோடு முடிந்தது. வாழ்க்கை அப்படி அமையவில்லை. தொடர் காயங்களால் அவர் முதன்மைப் பிரிவை எட்டாமலேயே பேஸ்பால் ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த இணை, சௌரவ் குர்ஜர். விஜய் தொலைக்காட்சியில் தமிழில் ஒளிபரப்பான மகாபாரதத் தொடரில் பீமனாக நடித்தவர் அவரே. இருவரும் 'இண்டஸ் ஷேர்' என்ற பெயரில் 2020-இல் திரையில் தோன்றினர். பின்னர் ரிங்கு சிங்குக்கு 'வீர் மகான்' என்ற பெயரை நிறுவனம் சூட்டியது.

இணை மல்யுத்தத்தின் இலக்கணம் எளிது. இருவருக்கு எதிராக இருவர். ஒரு நேரத்தில் அணிக்கு ஒருவர் மட்டுமே களத்தில் இருக்கலாம். மற்றவர் கயிற்றுக்கு வெளியே, தம் மூலையில் காத்திருப்பார். களத்தில் இருப்பவர் இணையரின் கையைத் தொட்டால்தான் ஆள் மாற முடியும். அடிபட்டுத் துவண்டவர் ஊர்ந்து ஊர்ந்து தம் மூலையை நெருங்குவதும், கை எட்டும் கணத்தில் எதிராளி காலைப் பிடித்து இழுப்பதும், கடைசியில் தொட்டுவிடும்போது அரங்கம் எழுந்து ஆர்ப்பரிப்பதும் இதன் சுவை. வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்பட்டது என்பதை இன்று எல்லோரும் அறிவர். அதில் மறைக்க ஒன்றுமில்லை; நியூ ஜெர்சி மாநில விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது கேளிக்கையே என்று 1989-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால், முடிவு ஒப்பனை என்பதால் விழுவது ஒப்பனையாகிவிடாது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடல் பலகையில் மோதும்போது முதுகெலும்பு தாங்கும் அதிர்ச்சி உண்மையானது.

2021 அக்டோபர் முதல் 'வீர் மகான் வருகிறார்' என்ற விளம்பரம் வாரந்தோறும் ஒளிபரப்பானது. வாரங்கள் கழிந்தன; வீர் மகான் வரவில்லை. இணையத்தில் அது கேலிப் பொருளாயிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று ஒருவழியாகத் தனி வீரராக வந்தார். சில மாதங்களில் முதன்மை நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டார். மீண்டும் சௌரவ் குர்ஜருடன் சேர்க்கப்பட்டார். 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபவுலி உள்ளரங்கில், சொந்த நாட்டு ரசிகர்களின் முன்னிலையில் இந்த இணை, கெவின் ஓவன்ஸ் – சாமி ஜேன் இணையிடம் தோற்றது. 2024 ஏப்ரலில் இருவருமே நிறுவனத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

அதற்கு மூன்று மாதங்கள் முன்புதான், தன் வாராந்திர நிகழ்ச்சியின் ஒளிபரப்பு உரிமையைப் பத்தாண்டுகளுக்கு 500 கோடி டாலருக்கும் மேலான தொகைக்கு நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்குவதாக அந்த மல்யுத்த நிறுவனத்தின் தாய் நிறுவனம் அறிவித்திருந்தது. தொழில் நலிந்ததால் ஆள்குறைப்பு நடக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் இவ்வீரர்கள் தொழிலாளர்களே அல்லர்; 'தனி ஒப்பந்ததாரர்கள்'. என்று, எங்கே, யாரோடு மோத வேண்டும், யாரிடம் தோற்க வேண்டும், என்ன பெயரில் அழைக்கப்பட வேண்டும் என அனைத்தையும் நிறுவனமே தீர்மானிக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் வேறு நிறுவனத்தில் மோதவும் முடியாது. களத்தில் ஏற்படும் காயத்துக்கான சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்கிறது. ஆனால், மருத்துவக் காப்பீடும் ஓய்வுக்காலச் சேமிப்பும் வீரரின் சொந்தப் பொறுப்பு. இந்த ஏற்பாட்டை எதிர்த்து முன்னாள் வீரர்கள் மூவர் 2008-இல் தொடுத்த வழக்கு மறு ஆண்டே தள்ளுபடியானது. கட்டுப்பாடு முழுவதும் முதலாளியுடையது. இடர் முழுவதும் உழைப்பவருடையது. இதுவே அந்த ஒப்பந்தத்தின் சாரம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதி மக்களுக்கு இது அந்நியமான ஏற்பாடா? காலணித் தொழிற்சாலைக்குள் நிரந்தரமாகப் பணிபுரிபவருக்கு வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் அரசுக் காப்பீடும் உண்டு. ஆனால், அதே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை வீடுகளுக்குப் போகிறது. வெட்டிய தோல் துண்டுகளை இடைத்தரகர் கொண்டுவந்து தருகிறார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெண்கள் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எந்தத் தையல், எத்தனை ஜோடி, எப்போது வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஏற்றுமதி ஒப்பந்தம். கண் மங்குவதும் தோளும் விரலும் வலிப்பதும் தைத்தவருடைய கணக்கில் சேர்கின்றன. ஐரோப்பியக் கடையில் அக்காலணி ஒரு புகழ்பெற்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. தைத்தவரின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

மல்யுத்த வீரரின் ஊதியத்தையும் இப்பெண்களின் கூலியையும் ஒப்பிட முடியாது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அது. ஒப்பிடத் தக்கது ஏற்பாட்டின் வடிவம். உழைப்பவரைத் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்திவிட்டால், அச்சொல்லோடு வரும் உரிமைகள் அனைத்தும் தாமாகவே விலகிவிடுகின்றன. கோடிக்கணக்கானோர் பார்க்கும் மேடையில் நிற்பவருக்கே இந்நிலை என்றால், எவர் கண்ணிலும் படாமல் திண்ணையில் தைப்பவரின் நிலையை விளக்கத் தேவையில்லை.

தீர்வுக்கான கருவிகள் இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்தபடி கூலிக்கு உழைப்பவர்களைப் பிற தொழிலாளர்களுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆவது உடன்படிக்கையை உருவாக்கியது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் வழியே, காலணி, தோல் பொருள் உற்பத்தி, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியமே இருக்கிறது. அதில் பதிவு செய்தால் விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகளின் கல்வி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. வீடு வீடாகச் சென்று திண்ணைத் தையல்காரர்களைப் பதிவு செய்யும் முகாம்களை மாவட்ட நிர்வாகம் நடத்தலாம். எந்தெந்த வீடுகளுக்குத் தோல் துண்டுகள் போகின்றன என்ற பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பை ஏற்றுமதி நிறுவனங்கள் மீது சுமத்தலாம். இரண்டுமே பெரும் நிதியைக் கோரும் செயல்கள் அல்ல.

இணை மல்யுத்தத்தில் அடிபடுபவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: மூலையில் ஒருவர் கை நீட்டிக் காத்திருக்கிறார். அவர் கையை எட்டிவிட்டால், பாரம் மாறிவிடும். பாலாற்றங்கரையில் நாள்முழுதும் குனிந்து தைக்கும் பெண்களுக்கும் அப்படியொரு கை வேண்டும். சட்டத்தில் அந்தக் கை எழுதப்பட்டிருக்கிறது. அதை நீட்ட வேண்டியது அரசின் கடமை.