ஒப்பட்டு ஏன் கிழிகிறது?

சித்திரைப் பிறப்புக்கு ஊர் போக இயலாத நண்பர் நால்வருக்குப் போளி செய்து தருவதாக வாக்களித்துவிட்டேன். வேதியியல் முதுகலை மாணவனுக்குப் போளி எம்மாத்திரம் என்ற நினைப்பு! தட்டிய ஒவ்வொன்றும் கிழிந்து, பூரணம் கல்லில் ஒட்டிக் கருகிற்று. நண்பர்கள் சுரண்டித் தின்றுவிட்டு, "சுவை உண்டு, உருவந்தான் இல்லை" என்றனர். மானம் போயிற்று.

மறுநாள் நான் குடியிருக்கும் வீட்டு அம்மையாரிடம் முறையிட்டேன். யுகாதிதோறும் ஒப்பட்டு தட்டிப் பழகிய மைசூர்க் கை அவருடையது. "கணக ஊறிற்றா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏதோ கணக்குக் கேட்கிறார் என்று விழித்தேன். மேல்மாவுக்குத்தான் இங்கே அப்பெயராம்.

நான் பிசைந்த கையோடு தட்டியிருந்தேன். அதுதான் முதற் பிழை. கோதுமையிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்னும் புரதங்கள் நீர் பட்டுப் பிசையும்போது குளூட்டன் என்ற வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பிசைந்தவுடன் அவ்வலை விறைத்து நிற்கும். இழுத்தால் சுருங்கும், வலிந்து இழுத்தால் அறும். 2 மணி நேரம் ஊறினால் இறுக்கம் தளர்ந்து, விரலுக்கு இணங்கும். மேலே எண்ணெய் ஊற்றி வைப்பது மாவு காய்ந்து ஆடை கட்டாமலிருக்க. இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான். அடுப்படியில் நினைவு வரவில்லை!

இரண்டாம் பிழை பூரணத்தில். பருப்பைக் குழைய விட்டேன். அதிலுள்ள நீரில் வெல்லம் கரைந்து பாகாகி, மேல்மாவை நனைத்து இளக்கிவிட்டது. பருப்பு விரலால் நசுங்கும் பதத்தில் நீரை வடித்துவிட வேண்டும்; வெல்லத்தோடு கிளறி, உருட்டினால் உருண்டை நிற்கும்வரை சுண்ட விட வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் கடலைப்பருப்பு. இவர் போடுவது துவரை. வடித்த நீரும் வீணாவதில்லை, அதில்தான் ஒப்பட்டுச் சாறு. என்னைக் கேட்டால், ஒப்பட்டைவிட மறுநாள் சுடவைத்த அந்தச் சாறே மேல்.

ஒப்பட்டுக்கு ஹோளிகெ என்றும் பெயர். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூ; பூரணமும் ஹூரண ஆயிற்று. அவ்வழியே பார்த்தால், ஹோளிகெயில் நம் போளி ஒளிந்திருப்பது தெரியும். கடைத்தெருவில் கன்னடம் புரியாமல் தவிக்கும் புது மாணவர்கள் இவ்வொரு விதியை மனத்திற் கொண்டால் பாதிச் சொற்கள் தாமே வழிக்கு வரும்.

அன்று மாலை அம்மையார் அருகிருக்க 11 தட்டினேன். 9 முழுதாக வந்தன. நால்வரையும் ஞாயிறன்று மறுபடி அழைத்திருக்கிறேன். தொட்டுக்கொள்ளப் பாலா நெய்யா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.