மூடிய அரங்கமும் திறந்த செவியும்

கிங்ஸ் சர்க்கிள் சண்முகானந்தா அரங்கை மும்பைத் தமிழர் அறியாதவரல்லர். 1952-இல் தோன்றிய சபை, 1963-இல் எழுந்த அரங்கம். 1990-இல் தீ விபத்தால் அது மூடப்பட்டதும் என் கச்சேரி மாலைகள் போயின. அலுவலகம், மின்சார ரயில், இரவில் ஒலிநாடா என எட்டாண்டுகள் ஓடின. மகனுக்குக் கச்சேரியில் உட்காரும் பழக்கமே இல்லாமல் போயிற்று. நான் தாளம் போட்டால் சிரிப்பான்.

1998-இல் அரங்கம் மீண்டும் திறந்தது. அவன் வர மறுத்தான். அடுத்த தியாகராஜ ஆராதனைக்குக் குடும்பத்தோடு திருவையாறு சென்றோம். காவிரிக் கரையில் வித்வான்கள் பலர் கூடிப் பஞ்சரத்தினம் பாட, பையன் அசையவில்லை.

திரும்பும்போது தாதர் ரயிலில், "அப்பா, அந்தத் தாளம் எப்படி?" என்றான். ஐந்துக்கும் ஆதி தாளம்தானே! எட்டு எண்ணிக் காட்டினேன்.

அன்பர்களே, பிள்ளைகளையும் கச்சேரிக்கு அழைத்து வாருங்கள். அரைமணி உட்கார்ந்தாலும் போதும்.