குளவி வேடமிட்ட அந்துப்பூச்சி

அந்துப்பூச்சி என்றதும் இரவில் விளக்கைச் சுற்றும் சாம்பல் நிறப் பூச்சியே நம் நினைவுக்கு வரும். பட்டப்பகலில் பூவுக்குப் பூ பறந்து தேன் குடிக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு. அவற்றில் ஒன்று அமாட்டா பசாலிஸ். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இதற்கு 1781இல் விஞ்ஞானப் பெயரிட்டவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் பப்ரீசியஸ்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களில் இப்படியொரு பூச்சி வந்தால் "குளவி!" என்று விலகுவோர் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குச் சென்றவர்களைப் பற்றி அடிக்கடி செய்திகளில் வாசிக்கிறோம். உயிரிழந்தவர்களும் உண்டு.

அந்தப் பயமே இப்பூச்சிக்குப் பாதுகாப்பு. கருமையான உடலில் மஞ்சள் பட்டைகள். கரிய சிறகுகளில் செதில்கள் இல்லாத, கண்ணாடி போன்ற புள்ளிகள். ஆனால் கொடுக்கு இல்லை. ஒருமுறை குளவியிடம் கொட்டு வாங்கிய பறவை, அதே நிறத்தைக் கண்டால் ஒதுங்கிவிடும். அமேசன் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஹென்றி வோல்டர் பேட்ஸ், இத்தகைய போலித்தோற்றத்தை 1862இல் விளக்கினார்.

இதன் வாழ்க்கை வட்டம் நாம் பாடத்தில் படித்த பூரண உருமாற்றமே: முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி. ஆணும் பெண்ணும் பகலிலேயே வால்முனைகள் இணைந்தபடி நெடுநேரம் செடிகளில் அமர்ந்திருக்கும். பெண் பூச்சி முட்டைகளைக் கூட்டமாக இடும். வெளிவரும் குடம்பி கருநிறமானது, உடலெங்கும் மயிர்க்கற்றைகள். பலவகைச் செடிகளின் இலைகளையும் அது தின்னும். இந்தியாவில் சந்தன மரத்தின் இலைகளை அழிக்கும் பூச்சியாகவும் இதை அறிவார்கள். வளர்ந்து முடிந்ததும் தன் மயிர்களையும் பட்டிழையையும் சேர்த்து மெல்லிய கூடு பின்னி, அதற்குள் கூட்டுப்புழுவாகும்.

குளவியையும் இதையும் பிரித்தறிவது எப்படி? குளவிக்கு இடை ஒடுங்கியிருக்கும். இதன் உடல் தடித்தது. குளவி விரைந்து பறக்கும். இது மெதுவாகப் பறக்கும். உட்காரும்போது குளவி சிறகுகளை முதுகோடு மடிக்கும். இதுவோ இருபக்கமும் விரித்து வைக்கும்.

உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடுகளைக் காட்டிக் கொடுங்கள். அந்துப்பூச்சி என்று தெரிந்தால் அடிக்காமல் விடலாம். சந்தேகமாக இருந்தால் கல்லெறியாமல், கிட்டப் போகாமல் விலகி நிற்பதே நல்லது. கூட்டமாகப் பறந்தாலோ கூடு தெரிந்தாலோ அது குளவிதான் என்று எண்ணி நடப்பதே பாதுகாப்பு.